ஆறா, ஏரியா, அருவியா: மலைக்குப் போனால் எந்தத் தண்ணீரில் இறங்குவது?

மலைக்குப் போகத் திட்டம் போட்டாயிற்று. கையில் இரண்டு நாள் இருக்கிறது. அதில் ஒரு நாளைத் தண்ணீரில் கழிக்க வேண்டும் என்பதில் எல்லோரும் ஒரே குரல். எந்தத் தண்ணீரில் என்று கேட்டதும்தான் கூட்டம் பிரிகிறது. இளவட்டங்களுக்கு ராஃப்டிங் வேண்டும், அதாவது காற்றடைத்த படகில் ஆற்றோட்டத்தோடு போவது. குழந்தையோடு வருகிறவர்கள் ஏரியில் படகு போதும் என்கிறார்கள். ஒருவர், மலையிடுக்கு ஓடையில் இறங்கி வருகிற கேன்யனிங் வீடியோவைப் பார்த்துவிட்டு அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறார். நீச்சல் தெரியாத ஒருவர், "நான் கரையில் உட்கார்ந்து பைகளைப் பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார்.

இந்த மாதிரிப் பேச்சுகளில் நான் பல தடவை உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில் அது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும்: ஆறு ஓடுகிறது, அதனால் ஆபத்து, ஏரி சும்மா கிடக்கிறது, அதனால் பயமில்லை. நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். இப்போது யாராவது கேட்டால் வேறு மாதிரி சொல்கிறேன். மலைத் தண்ணீரில் முதல் தடவை இறங்குகிறவருக்கு, தனியாக எடுத்துக்கொண்டு போகிற ஏரிக் கயாக்கைவிட (ஒருவரோ இருவரோ துடுப்புப் போடுகிற ஒடுங்கிய சின்னப் படகு), நல்ல வழிகாட்டியோடு போகிற எளிய ராஃப்டிங்தான் சரியான தேர்வு. விளையாட்டின் பெயரைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள், தண்ணீரைப் பாருங்கள். அது எங்கிருந்து வருகிறது, எந்த நேரத்தில் எப்படி மாறும், விழுந்தால் நம்மை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்ற மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால் மீதியெல்லாம் ரசனையைப் பொறுத்தது.

முதலில் குளிர்

மலைத் தண்ணீர் எந்த வடிவில் வந்தாலும் பெரும்பாலும் குளிரும். பனி உருகி வந்திருக்கலாம், பாறைக்கு அடியிலிருந்து ஊறி வந்திருக்கலாம், ஆழமான அணையின் அடி மதகு வழியாகத் திறந்துவிட்டதாகவும் இருக்கலாம். மேலே வெயில் சுள்ளென்று அடிக்கும், சட்டைக்குள் வியர்க்கும். அந்த வெயிலை வைத்துத் தண்ணீரைக் கணக்குப் போட முடியாது. காற்றைவிடத் தண்ணீர் சுமார் 25 மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும். 15 டிகிரிக் காற்றில் ஒரு கனத்த சட்டையோடு நாள் முழுக்க நடமாடலாம். 15 டிகிரித் தண்ணீர் முற்றிலும் வேறு சங்கதி.

ஒரு தடவை ராஃப்ட் பாறையில் இடித்துச் சாய்ந்தபோது நான் உள்ளே விழுந்தேன். எனக்கு நீச்சல் நன்றாகவே தெரியும். தலை மேலே வந்ததும் ஆழமாக ஒரு மூச்சு இழுக்க நினைத்தேன். நெஞ்சு கேட்கவில்லை. விக்கல் எடுப்பதுபோல் அது தானாக, துண்டு துண்டாக இழுத்தது. கையை வீச வேண்டும் என்ற நினைப்பே வரவில்லை. லைஃப் ஜாக்கெட் தாங்கிப் பிடித்ததால் வாய் தண்ணீருக்கு மேலே இருந்தது, அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் மூச்சு அடங்கியது. படகின் ஓரக் கயிறு கையில் தட்டுப்பட்டது. வழிகாட்டி என் ஜாக்கெட்டின் இரண்டு தோள்பட்டைகளையும் பிடித்து, ஒரு முறை கீழே அமுக்கி, அந்த எழும்பலோடு சேர்த்து உள்ளே இழுத்துப் போட்டார்.

இதைக் குளிர் அதிர்ச்சி என்கிறார்கள். கனடாவின் மனிடோபா பல்கலைக்கழகத்தில் குளிரும் உடம்பும் பற்றி ஆராய்கிற கோர்டன் கீஸ்ப்ரெக்ட் இதை '1-10-1' என்ற கணக்கில் சொல்லித்தருகிறார். கடும் குளிர் நீரில் விழுந்தால், மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம். கைகால் உருப்படியாக வேலை செய்வது சுமார் பத்து நிமிடம். உடம்புச் சூடு இறங்கி நினைவு தப்ப சுமார் ஒரு மணி நேரம். குளிரில் விறைத்துச் சாவதற்கு முன்பே, முதல் நிமிடத்தில் தண்ணீரைக் குடித்தும், அடுத்த பத்து நிமிடத்தில் கை ஓய்ந்தும்தான் பலர் போய்விடுகிறார்கள். நீச்சல் தெரிந்தவருக்கும் இது பொருந்தும். அதனால் 'எனக்கு நீச்சல் தெரியும், ஜாக்கெட் வேண்டாம்' என்கிற பேச்சை எந்த மலைத் தண்ணீரிலும் நான் ஒத்துக்கொள்வதில்லை.

அப்புறம் உடை. பருத்திச் சட்டையும் ஜீன்ஸும் நனைந்தால் கனக்கும், சூட்டைப் பிடித்து வைக்காது. சீக்கிரம் உலர்கிற செயற்கை இழைத் துணி நல்லது. தண்ணீர் மிகவும் குளிர்ந்திருந்தால், உடம்போடு ஒட்டிச் சூட்டைக் காக்கிற வெட் சூட் கேளுங்கள். செருப்பு வேண்டாம். காலோடு கட்டி நிற்கிற பழைய ஷூ போதும்.

ராஃப்டிங்: ஏன் இதை முதலில் வைக்கிறேன்

ஆற்றின் கடினத்தை 1 முதல் 6 வரை வகுப்புப் பிரித்துச் சொல்கிற வழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது. முதல் வகுப்பு, சின்னச் சின்ன அலையோடு நகர்கிற நீர். இரண்டாம் வகுப்பில் நேரான வழி தெரியும், அலை கொஞ்சம் தூக்கிப் போடும். மூன்றில் அலைகள் ஒழுங்கில்லாமல் வரும், படகைத் திருப்பித் திருப்பி ஓட்ட வேண்டும். நான்கில் தண்ணீருக்குப் பலம் அதிகம், துல்லியமாக ஓட்டத் தெரிய வேண்டும். ஐந்து, பல வருடம் பழகியவர்களுக்கானது. ஆறாம் வகுப்பைப் பற்றி நாம் இங்கே பேச வேண்டியதில்லை.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. அந்த எண் ஆற்றுக்கு நிரந்தரமாக ஒட்டிய பட்டம் கிடையாது. கோடையில் 2-ஆம் வகுப்பாக இருக்கிற அதே இடம், நீர் ஏறினால் 4 ஆகிவிடும். சில இடங்களில் நேர்மாறாக, நீர் வற்றினால் பாறை தலைகாட்டி வழி கடினமாகும். அதனால் 'இந்த ஆறு எந்த வகுப்பு' என்று கேட்பதைவிட 'இன்றைக்கு இருக்கிற தண்ணீருக்கு எந்த வகுப்பு' என்று கேளுங்கள். ஓட்டத்தின் வேகம் இரட்டிப்பானால் அது நம்மேல் தள்ளுகிற விசை நான்கு மடங்காகும். ஒரு கன மீட்டர் தண்ணீர் ஒரு டன் எடை. இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு கரையில் நின்று பார்த்தால், 'கொஞ்சம்தானே கூடியிருக்கிறது' என்ற சொல் வாயில் வராது.

இவ்வளவு சொல்லிவிட்டு ஏன் இதையே முதலில் வைக்கிறேன் என்றால், ராஃப்டிங்கில் ஆபத்து கண்ணுக்குத் தெரிகிறது. தெரிவதால் அதற்கு ஏற்பாடும் இருக்கிறது. ஜாக்கெட் போடாமல் படகில் ஏற விட மாட்டார்கள். ஹெல்மெட் கட்டியாக வேண்டும். புறப்படுவதற்கு முன் பதினைந்து இருபது நிமிடம் கரையில் நிறுத்திச் சொல்லித்தருவார்கள். கூட ஒரு பாதுகாப்புக் கயாக்காரர் வருவார். வழிகாட்டியின் இடுப்பில், இழுத்தெறிந்தால் கயிறு விரிகிற சின்னப் பை இருக்கும். படகும் பெரியது. காற்றறைகள் பல என்பதால் ஒன்று கிழிந்தாலும் மிதக்கும். உள்ளே வந்த நீர் தரையின் ஓட்டைகள் வழியாகத் தானாக வடிகிற மாதிரிதான் இப்போது பெரும்பாலும் செய்கிறார்கள். நீச்சல் தெரியாதவரை 2-ஆம் வகுப்பு ஓட்டத்தில் நடுவில் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு போகலாம். பை பார்த்துக்கொள்கிறேன் என்றவர் அங்கே முதல் அலையைத் தாண்டியதும் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த முகத்துக்காகவே இதைச் சிபாரிசு செய்யலாம்.

விழுந்தால் என்ன செய்வது என்பதைக் கரையிலேயே சொல்லித்தருவார்கள். ஆனால் அலைச் சத்தத்தில் பாதிப் பேர் கேட்பதில்லை. மல்லாந்து படுத்து, கால்களை ஓட்டம் போகிற திசையில் நீட்டி, விரல் நுனி தண்ணீருக்கு மேலே தெரியும்படி வைத்துக்கொள்ள வேண்டும். எதிரே வருகிற பாறையை முதலில் கால் தொடட்டும். முக்கியமாக, ஓடுகிற நீரில் எழுந்து நிற்க முயலக் கூடாது. இடுப்பளவுதானே என்று காலை ஊன்றினால் பாறை இடுக்கில் பாதம் மாட்டும். பின்னாலிருந்து வருகிற நீர் ஆளை முன்னால் சாய்த்துத் தலையை அமுக்கும். ஆழமே இல்லாத இடத்தில் இப்படித்தான் உயிர் போகிறது. கரையோரம் வந்து, நீர் அசையாத இடத்தில், கை தரையில் தட்டுகிற ஆழத்தில் எழுந்தால் போதும்.

பாறையைவிட எனக்குப் பயம் மரம். ஆற்றுக்குள் சாய்ந்து கிடக்கிற மரத்தின் கிளைகள் வழியே தண்ணீர் போய்விடும், ஆள் போக முடியாது. சல்லடையில் சிக்கிய மாதிரி அழுந்திக் கிடக்க வேண்டியதுதான். விழுந்தவர் அப்படி ஒரு மரத்தை நோக்கிப் போனால், தவிர்க்கவே முடியாது என்று தெரிந்த கணத்தில் மட்டும் குப்புறத் திரும்பி, அதை நோக்கி நீந்தி, மேலே ஏறிவிட வேண்டும்.

இன்னொன்று தடுப்பணை. பார்வைக்கு அழகாக, ஒரே கோடாக விழுகிற குட்டை நீர்ச்சுவர். அதன் அடியில் தண்ணீர் சுருண்டு மறுபடி சுவரை நோக்கியே திரும்பும். மாட்டிய படகையும் ஆளையும் வெளியே விடாமல் அங்கேயே புரட்டிக்கொண்டிருக்கும். இயற்கையான பாறை விழுச்சியில் ஓரத்தில் எங்கேயாவது தப்பும் வழி இருக்கும். கரை முதல் கரை வரை ஒரே மட்டமாகக் கட்டிய சுவரில் அதுவும் இருக்காது. வழியில் தடுப்பணை இருந்தால் படகைக் கரையேற்றிச் சுமந்து கடக்கிறவரோடு மட்டும் போங்கள்.

இனி, எந்தப் பருவம். பனியாற்றிலிருந்து வருகிற ஆறு தினமும் மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கும். இரவுக் குளிரில் உருகல் குறைவதால் விடிகாலையில் நீர் தாழ்ந்திருக்கும். பகல் வெயிலில் உருகியது சேர்ந்து பிற்பகலிலும் மாலையிலும் உச்சத்துக்கு வரும். காலையில் நடந்து கடந்த ஓடையை மாலையில் கடக்க முடியாமல் மலையேறுகிறவர்கள் அக்கரையில் மாட்டிக்கொள்வது இதனால்தான். மழையாறு இப்படிக் கணக்குக்குள் வராது. ரிஷிகேசத்தில் கங்கையின் ராஃப்டிங்கைப் பருவமழை மாதங்களில் நிறுத்திவிடுவார்கள். அந்த நிறுத்தத்தை நான் மதிக்கிறேன். ராஃப்டிங் நடத்துகிற ஒருவர் மழையிலும் 'ஒன்றும் ஆகாது, வாங்க' என்றால் அவரிடம் மற்ற எந்த மாதத்திலும் போக வேண்டாம். அணைக்குக் கீழே ஓடுகிற ஆற்றில் நிலைமை வேறு. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் கோலி ஆற்றில் இலையுதிர் காலத்தில் சம்மர்ஸ்வில் அணையைத் திறக்கிற நாட்களுக்காகவே ராஃப்டிங் கூட்டம் காத்திருக்கும். அறிவித்துத் திறந்தால் அது திருவிழா. அறிவிப்பு தெரியாமல் ஆற்றின் நடுத்திட்டில் படம் எடுத்துக்கொண்டிருந்தால் அதே திறப்பு எமன். அணை இருக்கிற ஆற்றில் எந்த நேரத்தில் திறப்பார்கள் என்று கேட்காமல் கால்கூட நனைக்காதீர்கள்.

ஏரி: அமைதி காலையில் மட்டும்

ஏரியை நான் குறைத்துப் பேசவில்லை. விடிந்து ஒரு மணி நேரத்துக்குள் மலை ஏரியில் கயாக்கோடு இறங்கியவர்களுக்குத் தெரியும், அதற்கு ஈடான அமைதி எந்த ஆற்றிலும் கிடையாது. மலை முழுதாகத் தலைகீழாக நீரில் கிடக்கும். துடுப்பிலிருந்து சொட்டுகிற நீரின் சத்தம்கூடக் கேட்கும். குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் வேறு எதையும்விட இது பிடிக்கும்.

ஆனால் ஏரிக்கும் நேரம் உண்டு. வெயில் ஏற ஏற மலைச் சரிவு சூடாகும், அதைத் தொட்ட காற்று சரிவின் வழியே மேலே ஏறும், அந்த இடத்தை நிரப்பப் பள்ளத்தாக்கின் கீழிருந்து காற்று புறப்பட்டு வரும். முற்பகலில் மெல்லத் தொடங்கி, பிற்பகலில் பலமாகும். இரவில் சரிவு குளிர்ந்ததும் திசை மாறி மேலிருந்து கீழே இறங்கும். இத்தாலியின் கார்டா ஏரியில் இந்த இரண்டு காற்றுக்கும் பெயரே இருக்கிறது. இரவிலும் காலையிலும் வடக்கிலிருந்து வருவது பெலேர், நண்பகலுக்குப் பிறகு தெற்கிலிருந்து வருவது ஓரா. பாய்மரக்காரர்கள் அதை வைத்தே நாளைத் திட்டமிடுகிறார்கள். பெயர் வைக்காத ஏரிகளிலும் நல்ல வெயில் நாளில் இதே நாடகம் நடக்கும்.

நான் அதைக் கற்றது இப்படி. மூன்று பேர், இரண்டு கயாக். காலை பத்து மணிக்கு ஏரி கண்ணாடி மாதிரி இருந்தது. மேல்முனை வரை போய் வரலாம் என்று கிளம்பினோம். போகப் போக எளிதாகத்தான் இருந்தது. முதுகுப் பக்கம் காற்று தள்ளிக்கொண்டிருந்தது எங்களுக்கு உறைக்கவே இல்லை. மேல்முனையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு ஒன்றரை மணிக்குத் திரும்பினால், ஏரி முழுக்கக் குட்டையான, நெருக்கமான அலை. முனை நேரே நிற்கவில்லை, பக்கவாட்டில் திரும்பிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு துடுப்புக்கும் அதன் தண்ணீர் முகத்திலேயே அடித்தது. கரையில் ஒரு வெள்ளைப் பாறையைக் குறிவைத்துக்கொண்டு துடுப்புப் போட்டேன். நூறு தடவை போட்டுவிட்டுப் பார்த்தால் பாறை அதே இடத்தில் இருந்தது. விரல்கள் மடங்கியபடியே விறைத்துவிட்டன. கடைசியில் நேர் வழியை விட்டுவிட்டு, பக்கத்துக் கரையில் ஒதுங்கி, படகுகளைக் கயிற்றில் கட்டி ஓரமாக இழுத்துக்கொண்டே நடந்தோம். நாற்பது நிமிடத்தில் போன தூரத்தைத் திரும்பக் கடக்க மூன்று மணி நேரம் ஆனது. ஏரியின் நடுவில் ஒருவர் கவிழ்ந்திருந்தால் அந்த பத்து நிமிடக் கணக்குத்தான் எங்களுக்கும்.

ஏரியில் வெயில் காய்ந்த மேல் நீர் இதமாக இருக்கும், அது ஒரு மெல்லிய படலம்தான். மேலே மிதக்கிற சூடான நீருக்குக் கீழே சட்டென்று குளிர்ந்த நீர் இருக்கும். நன்னீர் மிகவும் கனமாக இருப்பது 4 டிகிரியில் என்பதால், ஆழமான மலை ஏரிகளின் அடியில் கோடையிலும் கடும் குளிர்தான். கரையில் கை விட்டுப் பார்த்து 'நல்லாத்தானே இருக்கு' என்று குதிக்கிறவர் அந்தப் படலத்தைத் தாண்டி உள்ளே போய்விடுகிறார்.

ஏரியில் பெரும்பாலும் வழிகாட்டி கூட வருவதில்லை, சொல்லித்தருவதும் இல்லை. வெக்கையாக இருக்கிறது என்று ஜாக்கெட்டைக் கழற்றிக் காலடியில் போட்டுக்கொள்வார்கள். கவிழ்ந்த பிறகு தண்ணீரில் ஜாக்கெட் போட முடியாது. இதற்காகத்தான் ஏரியை எளிய ராஃப்டிங்குக்குப் பின்னால் வைக்கிறேன். ஏரிதான் உங்கள் தேர்வு என்றால், விடிந்ததும் இறங்கி, முற்பகலிலேயே கரையேறிவிடுங்கள். முதலில் காற்றுக்கு எதிராகப் போங்கள், களைத்த பிறகு அது உங்களைத் திருப்பிக் கொண்டுவரட்டும். குறுக்கே வெட்டாமல் கரையை ஒட்டியே போங்கள். நீந்தி எட்டுகிற தூரத்துக்குள் கரை இருக்க வேண்டும். மூடிய கயாக்கைவிட, மேலே உட்கார்ந்து ஓட்டுகிற வகை முதல் தடவைக்கு நல்லது. கவிழ்ந்தால் திருப்பிப் போட்டு மறுபடி ஏறிவிடலாம். ஏறிப் பார்த்துப் பழகுவதைக் கரையோரத்தில் ஒரு முறை செய்துவிட்டுப் போங்கள்.

ஜாக்கெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. துடுப்புப் போடுகிறவர்கள் அணிகிற 50 நியூட்டன் வகை (நியூட்டன் என்பது மிதக்க வைக்கிற விசையின் அளவு), நினைவோடு நீந்துகிறவரை மிதக்க வைக்கும், மயங்கியவரின் முகத்தை மேலே திருப்பிவிடும் என்று சொல்ல முடியாது. அதற்கென்று செய்தது 100 நியூட்டனும் அதற்கு மேலும். குழந்தைகளுக்கு இந்த வித்தியாசத்தைக் கேட்டு வாங்குங்கள், தொடைக்கு இடையில் வருகிற பட்டையோடு. மாட்டிய பிறகு தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அந்த அளவு சரியில்லை.

நின்றுகொண்டு துடுப்புப் போடுகிற பலகை, காற்றில்லாத காலையில் அருமை. காற்று வந்தால் நிற்கிற ஆளே பாய்மரம் ஆகிவிடுவார். உட்கார்ந்துவிடுங்கள். பலகையையும் காலையும் இணைக்கிற கயிறு ஏரியில் உயிர்காக்கும். ஓடுகிற ஆற்றிலோ அதே கணுக்கால் கயிறு மரத்திலும் பாறையிலும் சிக்கி ஆளைப் பிடித்து வைத்துவிடும். அங்கே சட்டென்று அவிழ்கிற இடுப்புப் பட்டைதான் சரி.

இன்னொன்று, உயரம் கூடக் கூட வெயிலின் புற ஊதாக் கதிரும் கூடும், ஒவ்வோர் 1000 மீட்டருக்கும் சுமார் 10 சதவீதம். தண்ணீரிலிருந்து எதிரொளிப்பது தனி. தொப்பியும் களிம்பும் குளிராக இருக்கிற நாளிலும் வேண்டும்.

மலையிடுக்கும் அருவி மடுவும்

கேன்யனிங் என்பது, ஓடை குடைந்த குறுகலான மலையிடுக்கில் மேலிருந்து கீழே இறங்கி வருவது. கயிற்றில் அருவியோடு இறங்குவது, வழுக்குப் பாறையில் சறுக்குவது, மடுவில் குதிப்பது எல்லாம் உண்டு. அழகில் இதற்கு நிகர் எனக்கு வேறில்லை. பல்லாயிரம் ஆண்டு தண்ணீர் இழைத்த பாறைச் சுவர் இரண்டு பக்கமும் நெருங்கி நிற்க, மேலே வானம் ஒரு நாடாவாகத் தெரியும்.

ஆனால் இதில் ஒரு விஷயம் மற்ற எதிலும் இல்லாதது: முதல் அருவியில் இறங்கிக் கயிற்றை இழுத்துக்கொண்டால் திரும்பி ஏற வழி கிடையாது. கீழே போய்த்தான் வெளியே வர வேண்டும். அந்த நேரத்தில் நீர் ஏறினால் ஒதுங்க இடமில்லை. 1999 ஜூலை 27 அன்று சுவிட்சர்லாந்தில் இன்டர்லாக்கன் பக்கம் சாக்செட்டன்பாக் மலையிடுக்கில் இதுதான் நடந்தது. மேலே நீர்பிடிப்பில் இடிமழை கொட்டியது. இடுக்குக்குள் இருந்தவர்கள்மேல் வெள்ளம் மரமும் கல்லுமாக வந்து விழுந்தது. 21 பேர் இறந்தார்கள். அவர்களில் 3 பேர் வழிகாட்டிகள். தலைக்கு மேல் என்ன வானம் என்று பார்ப்பது போதாது, ஓடையின் தலைமாட்டில் என்ன வானம் என்று கேட்க வேண்டும்.

நான் போன ஓர் இடுக்கில், ஓய்வெடுக்க நின்ற இடத்தில் பாறை வெடிப்பில் ஒரு காய்ந்த கிளை சொருகியிருந்தது. அதன்மேல் புல்லும் சருகும் சடை மாதிரி சுற்றிக் காய்ந்திருந்தன. என் தலைக்கு மேலே இன்னும் ஓர் ஆள் உயரத்தில் அது இருந்தது. யாரும் ஏறி வைத்ததல்ல, கடைசி வெள்ளம் விட்டுப்போனது. அப்போது எங்கள் காலடியில் முழங்கால் அளவு தண்ணீர்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு எந்த ஓடையில் இறங்கினாலும் முதலில் இப்படிச் சொருகிய சருகைத் தேடிக் கண் போகிறது.

எனவே கேன்யனிங் நடுத்தர உடல் வலுவும், உயரத்தைக் கண்டு மிரளாத மனமும் இருப்பவர்களுக்கு, நிலையான நல்ல வானிலையில், வழிகாட்டியோடு மட்டும். இடிமழைக்கு வாய்ப்பு என்று அறிவித்த நாளில் பணம் போனாலும் பரவாயில்லை என்று விட்டுவிடுங்கள்.

அருவி மடுவில் குளிப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செலவில்லாதது, எல்லோருக்கும் பிடிப்பது, கண்காணிக்க யாரும் இல்லாதது. அருவி நேராக விழுகிற இடத்துக்கு அடியில் போகாதீர்கள். நுரைத்த நீரில் காற்று கலந்திருப்பதால் அது உடம்பைத் தாங்காது, கூடவே சுழலும் கீழே இழுக்கும். அருவிக்கு மேலே, விளிம்புக்குப் பக்கத்தில், பாசிப் பாறையில் நிற்பதைவிட மோசமான இடம் மலையில் இல்லை. பாறையிலிருந்து குதிப்பதென்றால், 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறவர் தண்ணீரைத் தொடும்போது மணிக்கு சுமார் 50 கிலோமீட்டர் வேகத்தில் இருப்பார். ஆழத்தை நீங்களே இறங்கிப் பார்க்காத மடுவில் குதிக்காதீர்கள். போன வருடம் குதித்த இடம் என்பதும் கணக்கில்லை, வெள்ளம் கல்லை உருட்டிவந்து போட்டிருக்கும். ஓரத்தில், ஓட்டம் இல்லாத பக்கம், இடுப்பளவில் உட்கார்ந்து குளிப்பது போதுமான சுகம்.

ஆற்றுக் கயாக் கற்றுக்கொள்ள வேண்டிய கலை, ஒரு நாள் பொழுதுபோக்கு அல்ல. ஆசை இருந்தால் நான்கைந்து நாள் பயிற்சிக்கு எனத் தனியாகப் போங்கள். காற்றடைத்த டியூபில் உட்கார்ந்து ஆற்றில் மிதப்பது, தட்டையான முதல் வகுப்பு நீரில், மரமும் தடுப்பணையும் இல்லை என்று தெரிந்த இடத்தில் மட்டும். டியூபைத் திருப்பவோ நிறுத்தவோ உங்களால் முடியாது.

சரி, யார் எதை எடுப்பது

நீச்சல் தெரியாதவர் ஒருவராவது இருக்கிற கலப்பான கூட்டம் என்றால், நன்றாக நடத்துகிற 2-ஆம் வகுப்பு ராஃப்டிங். எல்லோரும் தண்ணீருக்குப் பழகியவர்கள் என்றால் 3. மிகச் சிறிய குழந்தையும் முழங்கால் வலி உள்ள பெரியவரும் இருந்தால், விடிகாலை ஏரி, கரையோரமாக, இரண்டு மணி நேரம். இளவட்டங்கள் மட்டும், வானமும் தெளிவு என்றால் கேன்யனிங். இரண்டு நாளும் கையில் இருந்தால் முதல் நாள் ராஃப்டிங் போய், குளிரையும் ஓட்டத்தையும் உடம்பு தெரிந்துகொண்ட பிறகு, மறுநாள் காலையில் ஏரிக்குப் போகிற வரிசையே எனக்குப் பிடித்தது. மழை விட்டு விட்டுப் பெய்கிற நாட்களில் இடுக்கும் வேண்டாம், மடுவும் வேண்டாம்.

கூட்டிக்கொண்டு போய் நடத்துகிறவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். இன்றைக்கு நீர் எவ்வளவு, நேற்று எவ்வளவு? எந்த அளவுக்கு மேல் போனால் நிறுத்துவீர்கள்? நடுவழியில் கரையேற எங்கே இடம்? எத்தனை பேருக்கு எத்தனை வழிகாட்டி? இரண்டாவது கேள்விக்கு ஓர் எண்ணோ, 'அந்தப் பாறை மூழ்கினால்' என்று ஓர் அடையாளமோ பதிலாக வர வேண்டும். 'பார்த்துக்கலாம்' என்பது பதில் இல்லை.

ஆற்றங்கரைக்குப் போனதும் நான் ஒரு வேலை செய்வேன். தண்ணீர் விளிம்பில் பாதி நனைந்து பாதி உலர்ந்த ஒரு கல்லைப் பார்த்து வைத்துக்கொள்வேன். உடை மாற்றி, ஹெல்மெட் கட்டி, சொல்லித்தருவதைக் கேட்டு முடிக்க அரை மணி ஆகும். திரும்பி வந்து அந்தக் கல்லைப் பார்ப்பேன். அதே அளவு நனைந்திருந்தால் படகில் ஏறுவேன். மூழ்கியிருந்தாலோ, நீர் கலங்கலாக மாறிச் சருகும் குச்சியும் மிதந்து வரத் தொடங்கியிருந்தாலோ, வழிகாட்டியைக் கூப்பிட்டுக் காட்டுவேன். நல்ல வழிகாட்டி நான் காட்டுவதற்கு முன்பே அந்தக் கல்லைப் பார்த்திருப்பார்.